லேப் ஜன்னல் கேள்வி பதில்: நாய்களிடம் திரும்பிப் போன டாக்டர்

போன இதழில் கரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: "தம்பிக்கு லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்). என் மஜ்ஜை பொருந்துகிறதாம். கொடுத்தால் எனக்கு முதுகெலும்பு பலவீனமாகிவிடுமா?" முதுகெலும்பை யாரும் தொட மாட்டார்கள், இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள், இல்லையென்றால் சில நாள் ஊசி போட்டுக் கை நரம்பு வழியாக மெஷினில் பிரித்தெடுப்பார்கள், கொடுத்தது திரும்ப ஊறிவிடும் என்று பதில் எழுதினேன். கடைசியில், "டான் தாமஸ் என்கிற பிடிவாதக்காரர் இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது" என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். சரி, இந்த மாதம் சர்க்கரையும் கொலஸ்டிராலும் காத்திருக்கட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. 31 வருஷம் ஹெமட்டாலஜி லேபில், அதாவது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அங்கிருந்து பார்த்தால் தெரிவதைத்தான் எழுதுகிறேன்.

யார் அந்த டான் தாமஸ்? பெரிய குடும்பத்துப் பிள்ளையா?
*— பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி*

மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பாதை போட்ட டாக்டர். முழுப்பெயர் எட்வர்ட் டானல் தாமஸ். 1920இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மார்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா அந்த ஊர் டாக்டர். உயர்நிலைப் பள்ளியில் இவருடைய வகுப்பில் மொத்தமே 15 பேர்தான் இருந்தார்களாம். அதிலும் தான் ஒன்றும் கெட்டிக்கார மாணவன் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். (ஆசிரியர் ஐயா, இதை உங்கள் கடைசி பெஞ்சுக்குச் சொல்லலாம்.)

ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். செலவுக்குப் பெண்கள் விடுதியில் சாப்பாடு பரிமாறும் வேலை. 1940 ஜனவரியில் அங்கே அதிசயமாகப் பனி கொட்டியிருக்கிறது. வேலை முடிந்து வெளியே வந்தவர் முகத்தில் ஒரு பெண் பனிப்பந்தை உருட்டி எறிந்தாள். அவள்தான் டாட்டி. 1942 டிசம்பரில் கல்யாணம். டாட்டியைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது, அங்கே பேசுவோம்.

அப்புறம் ஹார்வர்டு மருத்துவப் படிப்பு. 1946இல் டாக்டர். பாஸ்டனில் இருந்த காலத்தில், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் முதன்முதலாக மருந்து கொடுத்து, நோய் கொஞ்ச காலத்துக்காவது அடங்கியதைக் கிட்ட இருந்து பார்த்தார். அந்த மருந்தைச் செய்து கொடுத்த குழுவின் தலைவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ். அதே குழுவிலிருந்து வந்த இன்னொரு மருந்து மெத்தோட்ரெக்சேட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை எப்போது வெற்றி பெற்றது?
*— வாசகர், கோயம்புத்தூர்*

தோல்வியிலிருந்து தொடங்கினால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். வெற்றிக்கு முந்தைய காலம் ரொம்ப நீளம்.

அணுகுண்டுக்குப் பிறகு கதிர்வீச்சு உடம்பை என்ன செய்கிறது என்று பலரும் எலிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதிர்வீச்சில் முதலில் சாவது மஜ்ஜை. மஜ்ஜை போனால் வெள்ளை அணு இல்லை, தட்டணு இல்லை. காய்ச்சலிலோ ரத்தக்கசிவிலோ உயிர் போகும். ஆனால் அந்த எலிக்கு வேறொரு எலியின் மஜ்ஜையைச் செலுத்தினால் அது பிழைத்தது. தாமஸ் இதைத் திருப்பிப் போட்டு யோசித்தார். லுக்கேமியாவில் கெட்டுப்போனதே மஜ்ஜைதானே? வேண்டுமென்றே கதிர்வீச்சு கொடுத்து அதை மொத்தமாக அழித்துவிட்டு, நல்ல மஜ்ஜையை ஏற்றினால் என்ன?

1955இல் நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊருக்குப் போனார். பேஸ்பால் மியூசியத்துக்குப் பேர்போன சின்ன ஊர். அங்கே ஒரு மருத்துவமனையில் ஜோசப் ஃபெரிபீ என்ற டாக்டருடன் சேர்ந்து வேலை. மஜ்ஜையை எடுத்து, வடிகட்டி, சாதாரண ரத்தம் ஏற்றுவது போலக் கை நரம்பில் ஏற்றினார்கள். எலும்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கவே வேண்டாம். அந்தச் செல்களே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 31 வருஷத்தில் எத்தனையோ பைகள் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். இன்றும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

1957இல் ஆறு நோயாளிகளுக்குச் செய்ததை எழுதி வெளியிட்டார்கள். அதில் இரண்டு பேருக்குத்தான் மஜ்ஜை கொஞ்ச காலம் பிடித்தது. நூறு நாளைக்குள் ஆறு பேருமே இறந்துவிட்டார்கள்.

அடுத்து, ஒரே அச்சாகப் பிறந்த இரட்டையர். ஒரு குழந்தைக்கு லுக்கேமியா, மற்றது ஆரோக்கியம். ஆரோக்கியமான குழந்தையின் மஜ்ஜை அழகாகப் பிடித்துக்கொண்டது. 1959இல் அதை வெளியிட்டார்கள். ஆனால் சில மாதத்தில் லுக்கேமியா திரும்பி வந்துவிட்டது. முறை வேலை செய்கிறது, நோய் போகவில்லை.

1950களிலும் 60களிலும் உலகம் முழுக்க வெவ்வேறு மருத்துவமனைகளில் சுமார் 200 பேருக்கு, இன்னொருவர் மஜ்ஜையை ஏற்றிப் பார்த்தார்கள். பிழைத்து நீண்ட நாள் இருந்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். "எலிக்குச் சரி, மனுஷனுக்கு இது நடக்காது" என்று பெரும்பாலானவர்கள் மூட்டை கட்டினார்கள்.

தாமஸ் மூட்டை கட்டவில்லை. மனிதர்களை விட்டுவிட்டு நாய்களிடம் திரும்பிப் போனார்.

1963இல் சியாட்டில் நகரத்துக்கு இடம் மாறினார். அங்கே ரெய்னர் ஸ்டார்ப் போன்றவர்கள் சேர்ந்த பிறகு, நாய்களுக்குத் திசுப் பொருத்தம் பார்க்கக் கற்றார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளில் திசு பொருந்தியதைத் தேர்ந்தெடுத்து, மாற்றியபின் மெத்தோட்ரெக்சேட்டும் கொடுத்தால் நாய்கள் பிழைத்தன. இதோ, சுப்பாராவ் குழுவின் மருந்து மறுபடி வந்துவிட்டது. புற்றுநோயை அழிக்கச் செய்த மருந்து, இங்கே புது மஜ்ஜை நோயாளியின் உடம்பைத் தாக்காமல் அடக்கிவைக்கிற வேலை பார்த்தது.

1969 மார்ச்சில்தான், திசு பொருந்திய உடன்பிறப்பின் மஜ்ஜையை சியாட்டிலில் ஒரு லுக்கேமியா நோயாளிக்கு ஏற்றினார்கள். 1977இல் 100 பேரின் கணக்கு வெளிவந்தது. எல்லாருமே மற்ற சிகிச்சைகள் கைவிட்ட, கடைசி நிலையில் இருந்தவர்கள். அதில் 13 பேர் நோயில்லாமல் உயிரோடு இருந்தார்கள். கோவை வாசகருக்கு நான் சொல்லும் வெற்றி இந்த 13தான். 87 பேர் போய்விட்டார்களே என்று தோன்றும். ஆனால் அந்த நூறு பேரில் ஒருவர்கூடப் பிழைக்க வேறு வழி இருக்கவில்லை. அதன் பிறகு, நோய் முற்றும்வரை காத்திருக்காமல் மருந்தில் அடங்கியிருக்கும்போதே மாற்றிப் பார்த்தார்கள். 1979இல் வந்த கணக்கில் பாதிக்கு மேல் பிழைத்தார்கள்.

அவருடைய ஆரம்ப கால நோயாளிகள் பலர் இறந்துவிட்டார்களாமே. நோயாளிகளைச் சோதனை எலி ஆக்கியவரைப் பாராட்டலாமா?
*— வழக்கறிஞர், சென்னை*

நியாயமான கேள்வி. எனக்கும் உறுத்தும் விஷயம்தான். 1957இல் கடும் லுக்கேமியா என்றால் மாதக் கணக்கில்தான் ஆயுள் என்பது உண்மை. அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடாது. அந்தக் காலத்தில் நோயாளியிடம் எவ்வளவு விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை இன்றைய அளவுகோலில் வைத்தால் பலரும் தேற மாட்டார்கள்.

தாமஸ் விஷயத்தில் நான் பார்ப்பது இரண்டு. ஆறு பேரும் இறந்ததை அப்படியே எழுதிப் பிரசுரித்தார், பூசி மெழுகவில்லை. இரண்டாவது, இன்னொருவர் மஜ்ஜையை ஏற்றினால் ஏன் சாகிறார்கள் என்று புரியாதவரை நோயாளிகளிடம் அதைத் தொடரவில்லை. பல வருஷம் நாய்க் கொட்டடியில் உட்கார்ந்தார். பேர் வாங்க வேண்டும் என்று இருப்பவர் செய்கிற காரியம் இல்லை அது.

நாய்கள் பாவமில்லையா?
*— எட்டாம் வகுப்பு மாணவி, ஈரோடு*

பாவம்தான் கண்ணு. மனிதர்களைப் போலவே நாய்களுக்குள்ளும் திசு ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஈற்றில் பல குட்டிகள் கிடைக்கும், அதனால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். உன் கேள்விக்கு இது சமாதானம் ஆகாது என்று எனக்கும் தெரியும்.

பெண்ணின் உழைப்பை மறைத்து ஆணுக்கு நோபல் கொடுத்த கதைகளில் இதுவும் ஒன்றா?
*— பேராசிரியை, மதுரை*

நோபல் 1990இல் வந்தது. தாமஸுக்குப் பாதி, ஜோசப் மர்ரிக்குப் பாதி. மர்ரி 1954இல் இரட்டையரிடையே சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர், தாமஸோடு பாஸ்டனில் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தவர். டாட்டியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

டாட்டி படித்தது பத்திரிகைத் துறை. கணவர் ஹார்வர்டுக்குப் போனபோது அதை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தார். அதாவது என் ஜாதி! மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே லேபில் வேலை. ரத்தம் எடுப்பதும் ஸ்லைடு பார்ப்பதும் அவர், கட்டுரைகளைத் திருத்தியதும் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களைச் சரிபார்த்ததும் அவர், பின்னாளில் அந்த ஆராய்ச்சிப் பிரிவின் நிர்வாகத்தைக் கவனித்ததும் அவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் இருந்த ஜார்ஜ் சான்டோஸ், டான் மஜ்ஜை மாற்றுக்குத் தந்தை என்றால் டாட்டிதான் தாய் என்று சொன்னார். டான் 2012இல், 92 வயதில் இறந்தார். டாட்டி 2015இல்.

மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், டானே எங்கே போனாலும் அவரைச் சொல்லத் தவறியதில்லை. ஆனால் டெக்னீஷியனின் கையெழுத்து ரிப்போர்ட்டின் கீழே சின்னதாக ஒரு ஓரத்தில் இருக்கும், பெரிய கையெழுத்து டாக்டருடையது. அது எல்லா ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

அச்சு அசலான இரட்டையர்தானே மிகச் சிறந்த டோனர்?
*— வாசகர், புதுச்சேரி*

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் டாக்டர் ஒருவர் திருத்தும்வரை. இரட்டையர் மஜ்ஜை சண்டை போடாமல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் லுக்கேமியா திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். அண்ணன், அக்கா மஜ்ஜையில் வரும் எதிர்ப்பு அணுக்களுக்கு நோயாளியின் உடம்பு கொஞ்சம் அந்நியமாகத் தெரியும். அந்தக் கொஞ்ச வித்தியாசத்தால்தான் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கித் தொல்லை கொடுக்கின்றன. ஒளிந்திருக்கும் லுக்கேமியா செல்களைத் தேடிப்பிடித்துத் தின்பதும் அதே வித்தியாசத்தால்தான். அந்தத் தாக்குதல் வந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று 1979இல் சியாட்டில் குழு தன் நோயாளிகளின் கணக்கை வைத்தே காட்டியது. கதிர்வீச்சு பாதி வேலை செய்கிறது, மீதியை டோனரின் செல் செய்கிறது.

மஜ்ஜை மாற்றினால் ரத்த குரூப் மாறிவிடுமாமே, நிஜமா?
*— ஆட்டோ ஓட்டுநர், திருச்சி*

நிஜம் அண்ணே. நான் அடி வாங்காத குறையாகக் கற்றுக்கொண்ட பாடம் இது.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். ரத்த வங்கியில் ஆள் இல்லை என்று என்னை ஒரு மாதம் அங்கே போட்டிருந்தார்கள். ஒரு நோயாளியின் சாம்பிள் வந்தது. பழைய ரிஜிஸ்டரில் அவர் பி பாசிட்டிவ். நான் பார்க்கிறேன், சிவப்பணு, பி குரூப்பைக் கண்டுபிடிக்கும் ஆன்டி-பி சீரத்தில் திரியவே இல்லை. ஓ குரூப் மாதிரி மழமழவென்று நிற்கிறது. சரி ஓ என்று வைத்தால், அவருடைய சீரம் பி செல்களைத் திரிய வைக்க வேண்டுமே? அதுவும் இல்லை. செல்லைக் கேட்டால் ஓ என்கிறது, சீரத்தைக் கேட்டால் பி என்கிறது.

சூப்பர்வைசரிடம் கொண்டுபோனேன். "சாம்பிளை மாத்திட்டியா? ஒரு ஆள் உயிர் போயிருக்கும்!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். மறுபடி ரத்தம் எடுத்துவரச் சொல்லி மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அதே. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்போது, வார்டிலிருந்து வந்த ஹவுஸ் சர்ஜன் சாவகாசமாகச் சொன்னார்: "இவருக்குப் போன வருஷம் வேற ஊர்ல மஜ்ஜை மாத்தியிருக்காங்களே, தங்கச்சி ஓ குரூப்." சீட்டில் அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை!

விஷயம் இதுதான். சிவப்பணுவைச் செய்வது இப்போது தங்கையின் மஜ்ஜை, அதனால் ஓ. ஆனால் மற்ற உடம்பெல்லாம் பி குரூப்பாகவே இருக்கிறது. சொந்த உடம்பையே எதிர்க்கும் பொருளை அந்த மஜ்ஜை செய்யாமல் இருந்துவிடுகிறது. சூப்பர்வைசர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் எனக்கும் சேர்த்து ஒரு டீ வாங்கிவரச் சொன்னார், அவ்வளவுதான்.

உங்கள் வண்டியில் ஏறுகிறவர் யாராவது எனக்கு இரண்டு குரூப் என்றால் சிரிக்காதீர்கள்.

குடும்பத்தில் பொருந்தவில்லை என்றால்? நம் நாட்டில் இது எப்போது வந்தது?
*— இரு வாசகர்கள், சேலம், நாகர்கோவில்*

ஒரு உடன்பிறப்பு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இரண்டு பேர் இருந்தாலும் பாதிக்குக் கீழேதான். 1979இல் சியாட்டிலில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. குடும்பத்தில் பொருந்துகிறவர் யாரும் இல்லை. பொருந்தியது யார் தெரியுமா? அதே ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்த லேப் டெக்னீஷியன்! மஜ்ஜை நன்றாகப் பிடித்தது. பின்னால் நோய் திரும்பி அந்தக் குழந்தை இறந்துபோனது. ஆனால் ரத்த உறவே இல்லாதவர் மஜ்ஜையும் ஒட்டும் என்பது அதில் நிரூபணமானது. அமெரிக்காவின் தேசிய டோனர் பதிவேடு 1986இல் தொடங்கியதற்கு அந்தக் குடும்பத்தின் ஓட்டமும் ஒரு காரணம். சென்னையில் 2009இல் தொடங்கிய டாட்ரி அப்படியொரு பதிவேடுதான். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் பெயர் ஏறிவிடும். இப்போது அப்பா, அம்மா, பிள்ளை என்று பாதி பொருந்தினாலும் செய்கிறார்கள்.

நம் நாட்டில் முதலில் செய்தது மும்பை டாடா மெமோரியலில், 1983இல். செய்தவர் டாக்டர் சுரேஷ் அத்வானி. போலியோவால் சக்கர நாற்காலியில் இருப்பவர். சியாட்டிலில் தாமஸிடமே போய்ப் பயின்று வந்தவர். ஒரு சிறுமிக்கு அவள் சகோதரனின் மஜ்ஜை. 1986இல் வேலூர் சி.எம்.சி. தொடங்கியது.

மாத்திரையிலேயே ரத்தப் புற்றுநோய் குணமாகிறதே, இனி இதெல்லாம் எதற்கு?
*— மருந்துக் கடைக்காரர், தஞ்சாவூர்*

நீங்கள் சொல்வது இமாட்டினிப். 2001இல் வந்தது. நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவுக்கு மட்டும், பெரும்பாலானவர்களுக்கு மஜ்ஜை மாற்றே தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. உங்கள் கடையில் அதைக் கொடுக்கும்போது நாள் தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள். மற்ற லுக்கேமியாக்களில் பலவற்றுக்கு இன்னும் தாமஸ் போட்ட பாதைதான். அவர் இறந்த அதே 2012இன் கடைசியில் உலகில் பத்து லட்சமாவது மாற்றுச் சிகிச்சை நடந்துவிட்டது.

புது மஜ்ஜை பிடித்துவிட்டது என்று முதலில் யாருக்குத் தெரியும்?
*— நர்சிங் மாணவி, வேலூர்*

எங்களுக்குத்தான்! இதைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு.

மஜ்ஜை ஏற்றிய நாள் பூஜ்யம். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தச் சின்ன ஊதா மூடி டியூப் வரும். வெள்ளை அணு நூறு. மறுநாள் நூறு. மறுநாள் மெஷின் எண்ணே காட்டாது. அந்த அளவில் ஸ்லைடு போட்டால் எல்லாம் சிவப்பணுதான், வெள்ளை அணுவைத் தேட முடியாது. அதனால் டியூபைச் சுழலவிட்டு, சிவப்புக்கு மேலே படியும் மெல்லிய வெள்ளைப் படலத்தை மட்டும் பிப்பெட்டில் தொட்டு எடுத்து ஸ்லைடில் இழுப்பேன். லீஷ்மன் சாயம், கழுவி, காற்றில் உலர்த்தி, எண்ணெய் விட்டுப் பார்த்தால் அங்கங்கே லிம்ஃபோசைட் என்ற ஒரு வகை வெள்ளை அணு மட்டும் உருண்டையாக நிற்கும்.

பத்து வயதுப் பையன் ஒருவனுக்குப் பதினேழாம் நாள். மெஷினில் 300. ஸ்லைடின் வால்பக்கத்தில் ஒரு நியூட்ரோஃபில், புது மஜ்ஜை பிடித்ததைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளை அணு, மூன்று மடலோடு, நேற்றுத்தான் பிறந்த மாதிரி. நகர்த்தினேன், இன்னொன்று. மொத்தம் ஏழு. இரண்டாவது ஸ்லைடு போட்டு அங்கேயும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

போனில் சொன்னால் போதும். நான் சீட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பையனின் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ரிசல்ட்டை நாங்கள் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் என் முகம் சொல்லிவிட்டது போலிருக்கிறது.

"என்ன சிஸ்டர், இன்னிக்கு எத்தன?" என்று கேட்டார். வெள்ளைக் கோட்டு போட்ட எந்தப் பொம்பளையும் அவர்களுக்கு சிஸ்டர்தான்.

"ஏழு."

"ஏழுதானா?"

"நேத்து ஒண்ணுகூட இல்லம்மா" என்றேன்.